கலையை ஆய்ந்து காணும் கண்
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்துவரும் பணி சிறியதன்று. மாலை நேரப் பயிற்சி வகுப்பு, நோட்டுப் புத்தகம், தேர்வுக் கட்டணம், விடுதியில் இடம், கல்லூரி விண்ணப்பம் என்று ஒவ்வொரு படியிலும் நம் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஏற்றிவிட்ட பணி இது. இந்த மேடையில் கணிதத்தைப் பற்றியும், ஆங்கிலத்தைப் பற்றியும், அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியும் அறிஞர்கள் பலர் பேசியிருக்கிறார்கள். நாம் இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருள், பள்ளி மாணவர் கலைப்படைப்புகளை ஆராய்ந்து கற்பதற்குக் கணினிப் படக்காட்சியை எவ்வாறு துணையாகக் கொள்ளலாம் என்பதாகும்.

'ஓவியமும் சிற்பமும் வயிறு நிரம்பியவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? பத்தாம் வகுப்பில் தேறுவதற்கே போராடும் நம் பிள்ளைகளுக்கு இது எதற்கு?' என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த வினா நியாயமானதே. அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

பார்க்கும் உரிமை

தமிழகத்தின் மாபெரும் கலைக்கூடங்கள் எவை? கோயில்களே. கல்லில் வடித்த உருவங்களும், செம்பிலே வார்த்த திருமேனிகளும், சுவரில் தீட்டிய ஓவியங்களும் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேதான் இருந்தன. அந்தக் கல்லை வெட்டிச் சுமந்தவர்களும், மண்ணைக் கொட்டிச் சாரம் கட்டியவர்களும், செங்கல் அறுத்தவர்களும் உழைக்கும் மக்கள். ஆனால் கட்டி முடித்த பின், நம் முன்னோர் கோபுரத்தைத் தொலைவில் நின்று பார்க்க மட்டுமே விடப்பட்டனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாளில்தான். வைத்தியநாத ஐயர் தலைமையில் அன்று உள்ளே சென்றவர்களுள் பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் அவர்களும் ஒருவர். நம் பாட்டன் காலத்துச் செய்தி இது; பழங்காலக் கதையன்று.

ஆகவே, நமக்கு மறுக்கப்பட்டது வழிபாடு மட்டுமன்று; பார்வையும் மறுக்கப்பட்டது. அருகே சென்று உற்று நோக்கவும், 'இதை இப்படி ஏன் செய்தான்?' என்று கேட்கவும், 'இது நன்று, இது குறையுடையது' என்று தீர்ப்புச் சொல்லவும் உள்ள உரிமை மறுக்கப்பட்டது. எழுத்தை மறுத்ததற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. எழுத்தறிவை மீட்க இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த சங்கம், காட்சியறிவையும் மீட்க முன்வருதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் சமுதாயம் எக்காலத்திலும் புதிய பொறியைக் கண்டு அஞ்சியதில்லை. அன்றைய புதுப்பொறி அச்சு. இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பிறர் எழுதி வைத்த வரலாற்றைத் தாமே படித்து, ஐயுற்று, மறுத்து, வேறு பொருள் கண்டவர்கள் அவர்கள். இன்றைய புதுப்பொறி கணினியும் திரையும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. தொடக்கப் பள்ளிகளிலும் திறன்மிகு வகுப்பறைகள் வந்துள்ளன. பொறி வந்துவிட்டது. அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதே இனி நம் முன் உள்ள வினா.

ஆய்ந்து காண்பது என்றால் என்ன?

ஒரு படத்தைக் காட்டி, 'இது இன்னார் வரைந்தது, இந்த ஆண்டில் வரைந்தது, இது மிகச் சிறந்தது' என்று ஆசிரியர் கூற, மாணவர் அதை எழுதிக்கொள்வது கலைக் கல்வியாகாது. அது மனப்பாடம். அமெரிக்க நாட்டுக் கலைக்கல்வி அறிஞர் எட்மண்ட் ஃபெல்ட்மன் என்பார் நான்கு படிகளை வகுத்தார். முதலாவது விவரித்தல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வது. இரண்டாவது பகுத்தாய்தல், கோடு, நிறம், ஒளி, அமைப்பு ஆகியவை ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்துள்ளன என்று காண்பது. மூன்றாவது பொருள் கூறுதல்; இப்படைப்பு எதைச் சொல்கிறது என்று சான்றோடு உரைப்பது. நான்காவது மதிப்பிடுதல். நம்மில் பெரும்பாலோர் முதல் மூன்றையும் தாண்டி நான்காவது படிக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம். 'நன்றாயிருக்கிறது' என்றோ 'நன்றாயில்லை' என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம்.

இதே வழியில் சென்ற அபிகெயில் ஹௌசன், ஃபிலிப் யெனவைன் என்னும் இருவர், வகுப்பறைக்கென்று மூன்று எளிய வினாக்களை அமைத்தனர். இப்படத்தில் என்ன நடக்கிறது? அப்படிச் சொல்வதற்கு நீ படத்தில் எதைக் கண்டாய்? இன்னும் என்ன காணலாம்? இம்மூன்றுள் நடுவில் உள்ள வினாதான் உயிர் போன்றது. 'எதைக் கண்டு சொல்கிறாய்?' என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை செய்தித்தாளைப் படித்தாலும், தேர்தல் மேடைப் பேச்சைக் கேட்டாலும் அதே வினாவைக் கேட்கும். கலை வகுப்பினால் விளையும் பெரும் பயன் இதுவே.

ஒரு பாடத்தின் வரலாறு

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நடத்திய ஒரு பாடத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். பிரெஞ்சு நாட்டு ஓவியர் மில்லே 1857ஆம் ஆண்டில் தீட்டிய 'கதிர் பொறுக்கும் பெண்கள்' என்னும் ஓவியம் பாரிசு நகரத்து ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. நார்மண்டியில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மில்லே. அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிர்களைப் பொறுக்கும் மூன்று பெண்களே அந்த ஓவியத்தின் பொருள்.

முதல் படவில்லையில் ஓவியம் மட்டும் வைத்தோம். பெயர், ஆண்டு, விளக்கம் எதுவும் இல்லை. இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பார்க்க மட்டும் வேண்டும் என்றோம். பின்னர்த் திரையைக் கருமையாக்கி, கண்டதைச் சொல்லச் சொன்னோம். மூன்று பெண்கள், குனிந்திருக்கிறார்கள், தலையில் துணி கட்டியிருக்கிறார்கள், முகம் சரியாகத் தெரியவில்லை என்று ஒவ்வொன்றாக வந்தது. மீண்டும் திரையை ஒளிரச் செய்தபோது, 'முதல் அம்மா ஒரு கையால் பொறுக்கி, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்' என்று ஒரு மாணவி சொன்னாள். எதைக் கண்டு சொல்கிறாய் என்று கேட்டோம். 'பொறுக்கியதைப் பிடித்திருக்கிறார் ஐயா. குனிந்துகொண்டே இருப்பதற்கு அதுதான் வசதி. எங்கள் ஆயாவும் அப்படித்தான் பிடிக்கும்' என்றாள். பாரிசு நகரத்து அறிஞர்கள் நூல்களில் எழுதியதை, நெல்வயலை அறிந்த ஒரு பிள்ளை ஒரே பார்வையில் கண்டுவிட்டாள். கலையைக் காண நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. உழைப்பைப் பற்றிய அறிவோடு வருகிறார்கள்.

இரண்டாவது படவில்லையில் ஓவியத்தின் பின்புலத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டினோம். அங்கே வானளாவிய வைக்கோற்போர்கள் நிற்கின்றன. வண்டியில் கதிர்க்கட்டுகள் ஏறுகின்றன. ஆட்கள் கூட்டமாக அறுவடை செய்கின்றனர். வலப்பக்கம் தொலைவில், குதிரைமேல் ஒருவன் அமர்ந்திருக்கிறான். முழு ஓவியத்தில் அவன் ஒரு சிறு புள்ளி. புத்தகத்தில் அச்சிட்ட படத்தில் யாரும் அவனைக் கவனிப்பதில்லை. பெரிதாக்கியவுடன் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், 'மேற்பார்க்கிறவர்!' என்றது. 'இவ்வளவு விளைந்திருக்கும்போது இவர்கள் ஏன் உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டும்?' என்னும் வினா அதன் பின் தானாக எழுந்தது. நாம் கேட்கவில்லை; பிள்ளைகள் கேட்டார்கள்.

அதற்குப் பின்னரே வரலாற்றைச் சொன்னோம். பிரான்சில் 1848இல் புரட்சி நடந்தது; அதன் நினைவு மறையாத காலத்தில் இவ்வோவியம் காட்சிக்கு வைக்கப்பட்டது; ஏழைப் பெண்களை இவ்வளவு பெரியவர்களாக, பெருமையோடு தீட்டியதைக் கண்டு அன்றைய விமரிசகர்களுள் சிலர் வெகுண்டனர் என்று கூறினோம். 'குனிந்திருப்பவர்களைப் பார்த்து அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?' என்று கேட்டான் ஒரு மாணவன். அந்த வினாவுக்கு மறுநாள் வரை வகுப்பில் விவாதம் நடந்தது.

மூன்றாவது படவில்லையில் அந்த ஓவியத்தின் அருகே சென்னை மெரினாக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையின் படத்தை வைத்தோம். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959ஆம் ஆண்டு சனவரியில் நிறுவப்பட்ட சிலை அது. நான்கு உழைப்பாளிகள் பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க முனைகின்றனர். இந்தியாவில் முதல் மே நாள் விழாவை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான். இரண்டிலும் உழைப்புத்தான் பொருள். ஆனால் ஒன்றில் முதுகு வளைகிறது. மற்றொன்றில் தசை திமிறுகிறது. ஒன்றில் பெண்கள், மற்றொன்றில் ஆண்கள் மட்டும். 'கல் உடைக்கும் வேலையில் பெண்கள் இல்லையா? அவர்களை ஏன் சேர்க்கவில்லை?' என்று ஒரு மாணவி கேட்டாள். புகழ்பெற்ற ஒரு படைப்பை மதித்துக்கொண்டே அதனிடம் வினா எழுப்பலாம் என்பதை அவ்வகுப்பு அன்று கற்றுக்கொண்டது.

பொறி தரும் மூன்று நன்மைகள்

மேலே கூறிய பாடத்திலிருந்தே படக்காட்சியின் நன்மைகள் விளங்கும். முதலாவது, பெரிதாக்குதல். ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரெய்க்ஸ் அருங்காட்சியகம், ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இரவுக் காவல்' ஓவியத்தை 71,700 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022இல் வெளியிட்டது. வண்ணத்தில் விழுந்த வெடிப்பைக்கூட அதில் காணலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நம் ஊர் அரசுப் பள்ளியின் இணைய இணைப்புக்கு இவை எட்டும். யாருடைய வாயிலிலும் நின்று அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அருகருகே வைத்தல். சுவிட்சர்லாந்து நாட்டுக் கலை வரலாற்றறிஞர் ஹைன்ரிக் வுல்ஃப்லின், இரண்டு படங்களை ஒருசேரத் திரையிட்டு ஒப்பிடும் முறையைப் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர். அன்று அதற்கு இரண்டு படவிளக்குகளும் கண்ணாடி வில்லைகளும் தேவைப்பட்டன. இன்று ஒரு மடிக்கணினி போதும். ஒன்றைத் தனியே பார்க்கும்போது தோன்றாத வினா, இரண்டைச் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றுகிறது.

மூன்றாவது, சிதறியதைக் கூட்டுதல். அமராவதியின் பௌத்தச் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணல் அம்பேத்கர் 1956இல் தழுவிய அறத்தின் பெருங்கலை அது. அதன் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது; மற்றொரு பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரே தூபியின் கற்கள் கடல் கடந்து பிரிந்து கிடக்கின்றன. எழும்பூரில் உள்ளதையும் இலண்டனில் உள்ளதையும் ஒரு திரையில் மாணவர் சேர்த்துக் காணலாம்; 'இவை ஏன் பிரிந்தன?' என்றும் கேட்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களும் அத்தகையனவே. நாயக்கர் காலப் பூச்சின் அடியில் மறைந்திருந்த அவற்றை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில் இருப்பதால் பொதுமக்கள் அவற்றை எளிதில் காண இயலாது. திரையில் காணலாம்.

பொறியிடம் எச்சரிக்கை

நன்மையைக் கூறிய நாம் தீமையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். படக்காட்சிக்கென்று உலகெங்கும் பயன்படும் பவர்பாயிண்ட் மென்பொருள் 1987இல் வெளிவந்தது. வணிக நிறுவனங்களின் கூட்டங்களுக்காகப் பிறந்தது அது. அதனால் அதன் இயல்பே சுருக்கி, புள்ளி வைத்து, வரிசைப்படுத்தி, முடிவைக் கூறிவிடுவதாக உள்ளது. எட்வர்ட் டஃப்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 2003இல் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். கலை வகுப்பில் இந்த இயல்பு பெருந்தீங்கு செய்யும். 'இவ்வோவியத்தின் சிறப்புகள் ஐந்து' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டால், அதன் பின் ஒரு மாணவனும் படத்தைப் பார்க்கமாட்டான், எழுத்தைத்தான் படியெடுப்பான்.

ஆகவே எங்கள் பள்ளியில் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். ஆசிரிய நண்பர்களுக்கும், மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கும் அவை பயன்படலாம்.

ஒரு படவில்லையில் ஒரு படம். ஒப்பிடுவதற்கு மட்டும் இரண்டு. ஒரு பாடவேளைக்கு நான்கு படங்களுக்கு மேல் வேண்டா. படத்தின்மேல் எழுத்து வேண்டா. படம் பறந்து வருவதும், சுழன்று மறைவதும், ஓசை எழுப்புவதும் வேண்டவே வேண்டா. பேச்சு நடக்கும்போது விசைப்பலகையில் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கருமையாகிவிடும்; மாணவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவர். மீண்டும் அழுத்தினால் படம் வரும். இந்த ஒரு விசையின் பயனை அறிந்த ஆசிரியர் மிகச் சிலரே.

அடுத்து, அளவு. திரையில் எல்லாம் ஒரே அளவாகத் தோன்றும். 'மோனா லிசா' ஓவியம் 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமுமே உடையது, நம் வகுப்பறைச் சன்னலைவிடச் சிறியது. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமோ தொண்ணூறு அடிக்கு மேல் நீளமுடையது. இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தால் மாணவர் இரண்டையும் தவறாக அறிவர். எனவே ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஓர் ஆள் நிற்கும் நிழலுருவை அளவுக்கேற்ப வைத்துக் காட்டுதல் நன்று. நிறமும் அவ்வாறே. வெளிச்சம் புகும் வகுப்பறையில் திரையின் நிறம் வெளிறிவிடும். சன்னலுக்கு இரண்டு பழைய புடவைகளைக் கட்டினால் போதும். அதற்கென்று நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

யாவற்றிலும் முதன்மையான விதி ஒன்றுண்டு. படக்காட்சியை மாணவர் தாமே உருவாக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒரு படைப்பைத் தேர்ந்து, மூன்றே படவில்லைகளில் அதைப் பற்றிய தம் கருத்தைச் சான்றோடு நிறுவ வேண்டும். எந்தப் பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது, எதன் அருகே எதை வைப்பது என்று முடிவு செய்வதே ஆராய்ச்சிதான். மாமல்லபுரச் சிற்பத்தை எங்கள் மாணவர் இரு குழுக்களாகப் பிரிந்து ஆராய்ந்தனர். அது அருச்சுனன் தவம் என்பது ஒரு கருத்து; பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய காட்சி என்பது மற்றொரு கருத்து. ஒரு குழு ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பெரிதாக்கிக் காட்டியது. மற்றொரு குழு பாறைப் பிளவில் உள்ள நாகர்களைக் காட்டி, நீர் வழியும் இடம் இதுவே என்றது. இடையில், தவம் செய்வதுபோல் கைதூக்கி நிற்கும் பூனையையும், அதனருகே உள்ள எலிகளையும் ஒரு மாணவன் கண்டுபிடித்துத் திரை நிறையக் காட்டினான். வகுப்பு சிரித்தது. 'தவசியின் அருகே இந்தப் பூனையை வைத்த சிற்பி யாரைக் கேலி செய்கிறான்?' என்று அவன் கேட்டபோது சிரிப்பு நின்று சிந்தனை பிறந்தது.

நம்மைப் பற்றிய படங்கள்

அன்பர்களே, இதுவரை கூறியவை எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். இனிக் கூறுவது நமக்கே உரியது. நாம் படங்களைப் பார்ப்பவர்கள் மட்டுமல்லோம். படங்களில் காட்டப்படுபவர்களும் ஆவோம். நம்மை எவ்வாறு காட்டுகிறார்கள் என்று ஆராயும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் வரைந்த ஒரு படம் உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். அரசியலமைப்பு என்னும் நத்தையின்மேல் அண்ணல் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். பதினோராம் வகுப்பு மத்தியப் பாடநூலில் இடம்பெற்றிருந்த அப்படம் குறித்து 2012இல் நாடாளுமன்றத்தில் பெரும் கொந்தளிப்பு எழுந்து, அது விலக்கிக்கொள்ளப்பட்டது. புண்பட்டவர்களின் நெஞ்சம் நமக்குத் தெரியும். அது நம் நெஞ்சமே. ஆயினும், விலக்கிக்கொள்ளப்பட்ட படம் கைப்பேசியில் உலவிக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஒரு நாள் நம் பிள்ளை தனியே காண்பான். அன்று அவனிடம் விடை இருக்க வேண்டாமா?

மேல்நிலை வகுப்பில், பக்குவமாக, இப்படி ஆராயலாம். சாட்டை யார் யார் கையில் இருக்கிறது? எந்தத் திசையில் ஓங்கப்படுகிறது? சுற்றி நின்று பார்ப்பவர்கள் யார்? அடுத்த படவில்லையில் சான்றை வைக்கலாம். வரைவுக் குழுவில் எழுவர் இருந்தனர். ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்கா சென்றார், பிறரும் பல காரணங்களால் பங்கேற்க இயலவில்லை. ஆகவே சுமை முழுவதும் அம்பேத்கர் ஒருவர் தோள்மீதே விழுந்தது என்று அக்குழுவில் இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி அவர்களே 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எடுத்துரைத்தார். இச்சான்றைப் படத்தின் அருகே வைத்துப் பார்த்தால், தாமதத்தின் பொறுப்பை யார்மேல் ஏற்றியிருக்கிறார் ஓவியர் என்பது விளங்கும். உன்னமதி சியாம சுந்தர் என்னும் ஆய்வாளர், 1932 முதல் 1956 வரை அண்ணலைப் பற்றி வெளிவந்த கேலிச்சித்திரங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் திரட்டி 2019இல் நூலாக்கினார். கண்ணை மூடிக்கொள்ளாமல், ஒவ்வொரு படத்தையும் நேருக்கு நேர் நோக்கி விடையிறுத்த பணி அது. நம் இளைஞர்களுக்கு அது வழிகாட்டியாகும்.

இனி, நம் ஊர் முனைகளில் நிற்கும் அண்ணலின் சிலையைப் பாருங்கள். அதையும் ஒரு கலைப்படைப்பாக ஆராயலாம். நாடாளுமன்ற வளாகத்தில் பி.வி.வாக் என்னும் சிற்பி வடித்து 1967இல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலையைத் திரையின் ஒரு பக்கத்திலும், நம் ஊர்ச் சிலையை மறுபக்கத்திலும் வைக்கச் சொல்லுங்கள். சுட்டும் விரல் எதைச் சுட்டுகிறது? கையில் ஏன் நூல்? ஏன் மேலங்கியும் கழுத்துப்பட்டையும்? பள்ளியில் சாக்குத்துணியின்மேல் தனியே அமர்த்தப்பட்ட சிறுவனின் வரலாற்றை அறிந்த மாணவன், அந்த உடையின் பொருளை உணர்வான். கடைசியாக, பல ஊர்களில் அச்சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு நிற்கிறதே, அதையும் படமெடுத்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சிற்பி செய்யாத அந்தக் கூண்டு சிலையின் பொருளை எப்படி மாற்றுகிறது? எந்தச் சமுதாயத்தைப் பற்றி அது பேசுகிறது? பிள்ளைகள் எழுதும் விடையைப் பெரியவர்கள் படிக்க வேண்டும்.

இது வெறும் கலைச்சுவை பற்றிய பேச்சு அன்று என்பதற்கு ஒரு காரணம் கூறுவோம். பள்ளிகளில் சாதி மோதல்களைத் தவிர்ப்பது பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 சூனில் அரசிடம் அறிக்கை அளித்தது. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளும், மோதிரங்களும், நெற்றி அடையாளங்களும் தடுக்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. எண்ணிப் பாருங்கள்: ஒரு கயிற்றின் நிறம் பிள்ளைகளைப் பிரிக்கிறது. கைப்பேசியில் வரும் சில நொடிக் காணொளி, அரிவாளையும் சிங்கத்தையும் இசையையும் சேர்த்து, சாதிப் பெருமையை ஊட்டுகிறது. செயற்கை நுண்ணறிவால் செய்த பொய்ப் படங்களும் இப்போது சேர்ந்துகொண்டன. இவற்றைச் செய்பவர்கள் நிறம், ஒளி, அமைப்பு ஆகியவற்றின் ஆற்றலை நன்கு அறிந்தவர்கள். பார்ப்பவர்களுக்கும் அந்த அறிவு வேண்டாமா? 'இதைச் செய்தவர் யார்? யாருக்காக? எதைக் காட்டுகிறார், எதை மறைக்கிறார்?' என்று கேட்கத் தெரிந்த மாணவனை, எச்சாதியைச் சேர்ந்தவனாயினும், எளிதில் தூண்டிவிட இயலாது.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள்

முதலாவதாக, நம் மாலை நேர மையத்தில் மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் பட வகுப்பு நடத்த வேண்டும். ஒரு படவீழ்த்தி, ஒரு மடிக்கணினி, ஒரு வெள்ளைச் சுவர் ஆகியவை போதும். கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் முறைவைத்து நடத்தலாம். ஓவியத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன என்பதை அங்கே எடுத்துச் சொல்லலாம். பொறியியலும் மருத்துவமும் மட்டுமே வழி என்று எண்ணிக் கைத்திறனுள்ள பிள்ளைகள் தம் திறனை மறைத்துக்கொள்ளும் நிலை மாற வேண்டும்.

இரண்டாவதாக, நம் மக்களின் கைவேலைகளைப் படமாக்கிச் சேர்க்க வேண்டும். முடைந்த கூடை, பின்னிய பாய், வார்த்தோல் இழுத்துக் கட்டிய பறை, தைத்த செருப்பு, வனைந்த பானை, வாசலில் இட்ட கோலம் ஆகியவற்றைக் கலை என்று யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அருங்காட்சியகங்களில் இத்தகைய பொருள்களின் கீழே ஊரின் பெயர் இருக்கும். செய்தவரின் பெயர் பெரும்பாலும் இராது. நம் தொகுப்பில் அந்தக் குறை நேராமல், ஒவ்வொரு படத்தின் கீழும் செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு, பொருள், அளவு ஆகியவற்றை, அவருடைய இசைவு பெற்று, இளைஞர்கள் எழுத வேண்டும். பறையை எப்படிக் காய்ச்சி, எப்படிச் சுதி ஏற்றுகிறார்கள் என்று கேட்டு எழுதினால், அதுவே ஓர் ஆய்வேடாகும்.

மூன்றாவதாக, ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை நேரில் அழைத்துச் செல்ல வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், மாமல்லபுரம், சித்தன்னவாசல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் காட்ட வேண்டும். திரை எவ்வளவு சிறந்ததாயினும் கல்லின் குளிர்ச்சியைத் தராது. சிலையைச் சுற்றி வந்து அதன் முதுகைக் காணும் வாய்ப்பைத் தராது. மேலும், திரையில் பார்த்துவிட்டோம் என்று வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டால், முன்னோர் போராடிப் பெற்ற உரிமையை நாமே கைவிட்டவராவோம். திரையில் ஆராய்ந்து, பின் நேரில் சென்று, 'நாம் கூறியது சரிதானா?' என்று சோதித்துப் பார்ப்பதே முறை.

அண்ணல் நமக்கு விட்டுச்சென்ற மூன்று கட்டளைகளுள் முதலாவது கல்வியைப் பற்றியது. படிப்பது மட்டுமன்று, பார்ப்பதும் கல்வியே என்பதை இந்த வெள்ளி விழா ஆண்டில் நாம் உணர்ந்து செயற்படுவோமாயின், பொன்விழா நாளில் இதே மேடையில் நம் பிள்ளைகள் தாம் தீட்டிய படங்களைத் தாமே திரையிட்டு, அவற்றைப் பற்றி நம்மிடமே வினாக்கள் கேட்பார்கள். அவ்வினாக்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுடையது.